கரையிலிருந்து கடல் பழக்குபவர்

காட்டு மிருகங்களையும் கடல் மீன்களையும் வகை பிரித்துப் பெயர் வைத்தவர்கள் ஒரு பிராணியை மட்டும் எப்படியோ தவறவிட்டுவிட்டார்கள். அது கரையில் வாழும். கடலைப் பற்றியே பேசும். விடிந்ததும் தேநீர் குடித்த வாயோடு வந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் முதுகில் ஏறிக் குந்தி, புருவத்துக்கு மேல் கையை வைத்துத் தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, "ம்ஹூம், பிழை" என்று சொல்லும். எது பிழை? காற்றா, நீரோட்டமா, வலையா? கேட்டீர்களோ, உங்கள் காலைப்பொழுது போயிற்று.

முல்லைத்தீவுக் கரையில் இந்த வகைக்கு உயர்ந்த மாதிரியாக விளங்கியவர் கொலின்ஸ். கிழிந்த வலை தைப்பது அவருடைய தொழில். இளவயதில் இரண்டு தரம் கடலுக்குப் போய், இரண்டு தரமும் சத்தியெடுத்து, வயிற்றில் இருந்ததைக் கடலுக்கே கொடுத்துவிட்டு வந்தவர். அதன்பிறகு அலை தொடும் இடத்துக்கு இப்பால்தான் அவருடைய ராச்சியம்.

"கடல் தொழிலுக்கு முதல் வேண்டியது பொறுமை" என்பார், எதிரே இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள். "அடுத்தது, வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற குணம்" என்று தொடங்கி, அதைப் பற்றி வெயில் ஏறும்வரை விளக்குவார். கண் பருந்தின் கண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, கருவாடு நிறைந்த ஓலைக் கடகத்தோடு எதிரே வந்த சொந்த மனைவி ஸ்ரெல்லாவை யாரோ என்று நினைத்து மரியாதையாக வழிவிட்டு நிற்பார்.

காடும் அவருக்குத் தெரியாததல்ல. துணுக்காய்க் காட்டுப் பக்கமிருந்து தேன் கொண்டுவந்து கருவாடு மாற்றிப் போகும் ஆண்டியப்பனைப் பிடித்து நிறுத்திப் பன்றி வேட்டை பழக்குவார். "பண்டி வந்தா ஓடக்கூடாது. அசையாமல் நிக்க வேணும்."

"சரிங்க" என்பான் நாயோடு காட்டில் அலைந்தே வளர்ந்த ஆண்டியப்பன். "அந்தப் பன்னிக்கும் ஒரு தடவை சொல்லி விட்டீங்கன்னா நல்லதுங்க."

இப்படியே அவர் காலம் போயிருக்கும். ஆனால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுச் சோளகக் காற்றுக் காலத்தில் மீன் கரைக்கு வராமல் நின்றுவிட்டது. போர்க்கால நிவாரண அரிசிச் சோற்றைச் சம்பலோடு தின்று ஊருக்கு நாக்குச் செத்துப்போயிற்று. கரைவலைக்குச் சொந்தக்காரி அற்புதம் அக்கா. கணவன் போனபின் வலையையும், அதை இழுக்கிற குடும்பங்களின் அடுப்பையும் சேர்த்து நடத்தியவர். தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டால், இரு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். எங்கே வளைப்பது என்று சொல்ல, தோணியின் முன்புறம் அணியத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அது யோசெப்பின் வேலை. ஒருநாள் காலையில் யோசெப் மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

அற்புதம் அக்கா, கொலின்ஸ் குந்தியிருந்த வள்ளத்தின் முதுகைத் திரும்பிப் பார்த்தார்.

"கொலின்ஸ், ஏறு தோணியிலை."

"நானோ?"

"நீதான். மீன் எங்கை நிக்குதெண்டு நாள் முழுக்கச் சொல்லுறது நீதானே."

"இல்லையக்கா, எனக்கு முழங்கால்..."

"மீனை முழங்காலாலையே பாக்கிறது?"

பின்னாலிருந்து ஸ்ரெல்லாவின் குரல் வந்தது. "போங்கோ. இண்டைக்கும் மீனில்லையெண்டா உங்கடை கதையைத்தான் குழம்பு வைக்க வேணும்."

கொலின்ஸ் சுற்றிலும் பார்த்தார். யாராவது சிரித்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லா முகங்களும் அவரையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. கடலைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஏறினார்.

அலை முறியும் இடத்தைத் தாண்டியதும் வயிறு எழும்பியது. கரையிலிருந்து பார்க்கும்போது ஆயிரம் குறிப்புக் காட்டிய கடல், கிட்ட வந்தபின் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிக் கிடந்தது. துடுப்புத் தண்டு வலித்த கிறிஸ்ரி, "எங்கையண்ணை வளைக்கிறது?" என்று கேட்டான். வாயைத் திறந்தால் பதில் வராது, வேறொன்று வரும் என்று கொலின்ஸுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தோணி ஓர் அலையில் ஏறி விழ, அவர் ஒரு கையால் விளிம்பைப் பற்றி, விழாமலிருக்க மற்றக் கையை வடக்கே நீட்டியபடி, தலையைத் தண்ணீருக்கு மேலே கவிழ்த்தார்.

"வடக்கை காட்டுறார்! வலியுங்கோடா!" என்று கத்தினான் கிறிஸ்ரி.

"இல்லை" என்று சொல்ல முயன்றார். வாயில் வந்தது "இல்லை" அல்ல.

வலை வளைத்துத் தோணி கரைக்கு வந்தது. கயிற்றை இழுக்கத் தொடங்கியதும் அற்புதம் அக்காவின் முகம் மாறியது. கயிறு அசையவில்லை. "கல்லிலை கொழுவிப்போட்டுதோ?"

கொலின்ஸுக்கு உயிர் போயிற்று. போர்த் தடையால் நைலோன் நூல் வவுனியாவைத் தாண்டி வராத காலம். இந்த வலை கிழிந்தால் தைக்க நூலில்லை என்பது, தைக்கிறவருக்கல்லவா தெரியும்? கயிற்றில் போய் விழுந்தார். இழுத்தார். உள்ளங்கை உரிந்தது. அந்தோனியாரே, இது கல்லாக இல்லாவிட்டால் இனி வாயே திறக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். பக்கத்தில் ஸ்ரெல்லா. "மெல்ல, சேர்ந்து இழுங்கோ" என்று அவள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் இழுத்தார். அது அவர்களுடைய கலியாண வாழ்க்கையிலேயே முதல் தடவை.

கயிறு ஒரு சாண் வந்தது. பிறகு ஒரு முழம். வலையின் மடி கரையேறியபோது மணலெல்லாம் வெள்ளி. கீரிமீன்! துள்ளித் துள்ளி முகத்தில் அடித்தது. பெண்கள் கடகம் எடுக்க ஓடினார்கள். கொலின்ஸ் ஈர மணலில் குந்திவிட்டார்.

"எப்பிடியடா கண்டுபிடிச்சனீ?" என்றார் அற்புதம் அக்கா, கண் கலங்கி.

உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் அவர் தீர்மானித்தார். நம்புங்கள்.

"சத்தி, அக்கா" என்றார் பலவீனமாக. "எல்லாம் சத்தியாலைதான்."

"ஓமடா மோனை!" அற்புதம் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அந்தோனியாற்றை சத்தி!"

கிறிஸ்ரி மட்டும் தோணிக்குப் பின்னால் போய் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கொலின்ஸ் அவனைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், திருத்திச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஊர் கோவிலுக்கு மெழுகுதிரி வாங்குவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. இனி யார் கேட்பார்கள்?

அடுத்த காலை அவர் பழைய இடத்தில் இருந்தார். வாய் திறப்பதில்லை என்ற நேர்த்தி? வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் மறந்துபோயிற்று. "மீனைக் கண்ணாலை பாக்கிறவன் பழகுறவன்" என்று புதிய பாடம் தொடங்கியது. "வயித்தாலை அறியிறவன்தான் தொழில்காரன்." ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வலை வரும்போது இப்போது இறங்கிவந்து கயிற்றின் கடைசி முனையைப் பிடிக்கிறார். பேசிக்கொண்டேதான் பிடிக்கிறார், இருந்தாலும் பிடிக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடல் உங்களுக்குத் தூரம், காடு அதைவிடத் தூரம்; ஆகவே இது வேறு யாருடைய கதையோ. சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில், கையில் அழுக்குப் படாமல் நின்றுகொண்டு, "அப்பிடியில்லைத் தம்பி, இப்பிடி" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நேற்றா? இன்று காலையா? பரவாயில்லை. அவன் நிமிர்ந்து, "இந்தாங்கோ அண்ணை, நீங்களே ஒட்டுங்கோ" என்று நீட்டும்வரை உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.