இங்கே போன் சார்ஜ் செய்துகொள்ளலாம்

இல்ல மாமா, ஸ்கேன் கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டை அக்கா யாருக்கும் சொல்லலை. அது இல்லாமலே உள்ள போகலாம். அன்புள்ள மாமாவுக்கு மருமகன் வணக்கம், நலம், நலமறிய ஆவல். இதெல்லாம் முதல்லயே எழுதியிருக்கணும், கோவத்துல விட்டுப்போச்சு.

யாரோ ஒரு அம்மாவோட ஸ்கேன் படம் தெருக்காரங்க போனுக்கெல்லாம் போச்சு, உடனே ரிப்போர்ட் அடிக்கற அக்காவைத் திங்கட்கிழமைல இருந்து வர வேண்டாம்னுட்டீங்க. ஆறு வருஷமா உங்க சென்டர்ல உழைக்கறவங்க. படிப்பைப் பாதியில விட்ட பயலுக்கு என்ன தெரியும்னு நினைக்காம கேளுங்க. உங்க ஸ்கேன் சாஃப்ட்வேர் ஓடணும்னா கம்ப்யூட்டர் முன்னால உக்கார்றவங்களுக்கெல்லாம் முழு அதிகாரமும் குடுத்தே ஆகணுமாம். அப்படி எழுதி வச்சிருக்கான் மகராசன். டீ கொண்டு வர்றவர் கை வச்சாலும் அவர்தான் முதலாளி. அதுக்கு அடியில கம்ப்யூட்டரையே ஓட்டற சிஸ்டத்துக்கு அப்டேட் நின்னு எட்டு வருஷம். புதுசு போட்டா மெஷின் படுத்துடும்னு ஒருத்தரும் தொடறதில்ல. அதுக்கும் மேல, எந்த பென் டிரைவைச் சொருகி ரீஸ்டார்ட் பண்ணாலும் சொந்த டிஸ்கை விட்டுட்டு அதைத்தான் முதல்ல ஓட்டும், செட்டிங் அப்படி. பாஸ்வேர்ட் கேக்க அங்க ஆளே இல்ல. சரி, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை எங்க வச்சிருக்கீங்க? காத்திருக்கறவங்க பெஞ்சுக்குப் பக்கத்துல, பென் டிரைவ், சார்ஜர் வயர் சொருகற முகத்தை அவங்க பக்கம் திருப்பி. மேல ஒட்டின அட்டையில உங்க கையெழுத்துலயே, 'இங்கே போன் சார்ஜ் செய்துகொள்ளலாம்'. என்ன தாராள மனசு! பேஷன்டைப் படுக்க வைக்க அக்கா உள்ள போனா பத்து நிமிஷம் மேஜை காலி.

காலைல மெஷின் வித்தவரை சென்டருக்கே வரவழைச்சேன். "தம்பி, இது ரொம்பப் பாதுகாப்பான சாஃப்ட்வேர்"னார்.

"பூட்டு நல்ல பூட்டுதான் சார், சுவரைத்தான் காணோம்."

பென் டிரைவைச் சொருகி, நாலே நிமிஷத்துல, அவர் நம்ம சென்டர்ல எடுத்த முழங்கால் ஸ்கேனை அவருக்கே திறந்து காட்டினேன்.

"யாரு தம்பி இப்படியெல்லாம் பண்ணப் போறா?"

"இப்பதான் சார் பண்ணேன்."

அக்கா சிரிக்கலை. மேஜை டிராயரைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

பெட்டியை உள் ரூமுக்குத் தள்ளிட்டேன், அந்த அட்டையைக் கிழிச்சுட்டேன், பென் டிரைவ் சமாச்சாரத்தை நிறுத்தி அந்த செட்டிங்குக்கே ஒரு பாஸ்வேர்டும் போட்டுட்டேன். இனி எவனும் நுழைய முடியாது. அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அத்தையைக் கேட்டதா சொல்லுங்க, குட்டிக்கு ஒரு முத்தம்.

பி.கு.: போட்ட பாஸ்வேர்ட் எனக்கே மறந்துபோச்சு. பயப்படாதீங்க. மூடியைக் கழட்டி, உள்ள காசு மாதிரி இருக்கற பேட்டரியை எடுத்தா பெட்டிக்கும் மறந்துடும். பழையபடி எவன் வேணா நுழையலாம், செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான். ஆக, பக்கத்துல கண்ணை எடுக்காம நம்பிக்கையான ஒரு ஆள் உக்காரணும். திங்கட்கிழமை யாரை உக்கார வைக்கப் போறீங்க? சரி, நான் ஓடணும், அக்கா பையோட படி இறங்கிட்டாங்க.