புதுத் துப்பாக்கிக்குத் தொண்டை இல்லை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு வணக்கம். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தையே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் படைக்குப் புதுத் துப்பாக்கி வந்திருக்கிறது. பழையது வெடித்தால் ஊருக்கே தெரியும். இதற்குத் தோட்டா வேறு, எடை வேறு, போதாக்குறைக்கு முனையில் சைலன்சர் என்று உலக்கை மாதிரி ஒரு குழாய். சத்தமே இல்லை அத்தான்! இருபத்தாறு வருடமாகப் பயிற்சித் திடலில் சிவப்புக் கொடி பிடிக்கிறவன் நான். சுடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, குறிப்பலகையைப் பார்த்து நிற்பேன். கடைசி வெடி ஓய்ந்ததும் கொடியை இறக்குவேன். அப்புறம்தான் சிப்பாய்கள் பலகையைப் பார்க்கப் போகலாம். வெடியே கேட்காவிட்டால் எதை வைத்து இறக்குவது? திங்கட்கிழமை எல்லோரும் சுட்டு முடித்து, துப்பாக்கியைத் துடைத்து வைத்து, டீ குடிக்கப் போன பிறகும் கொடியோடு நின்றேன். சமையல்காரர் வந்து தோளைத் தட்டி, "யாருக்குண்ணே காவல்?" என்றார். சரி, போகட்டும் என்று விட்டால் செவ்வாய்க்கிழமை நேர்மாறு. ஓய்ந்துவிட்டது என்று கொடியை இறக்கிட்டேன், ரெண்டு பேர் இன்னும் சுட்டுக்கிட்டே இருக்காங்க, பலகை பார்க்கக் கிளம்பின சிப்பாய் அப்படியே மண்ணில் குப்புற விழுந்தான். நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போச்சு.

அதிகாரி அந்தத் துப்பாக்கியை ஒரு வார்த்தை கேட்டாரா? என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளில் எழுதி நீட்டுகிறார்: வியாழக்கிழமை காது பரிசோதனை, தேறாவிட்டால் சீருடைக் கிடங்கு! நான் போய்ச் சட்டைக்குப் பட்டன் எண்ணவா? வீட்டுக்காரியாவது பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பெல் அடிச்சு அடிச்சு தபால்காரருக்கு விரலே தேஞ்சுபோச்சு" என்று கத்துகிறாள். அதுவும் புது பெல்தான் அத்தான். இப்பல்லாம் எதைத்தான் சத்தமாச் செய்யறாங்க?

தாங்கள் காது ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் இருப்பதால் கேட்கிறேன். என்னுடையது பாம்புச் செவி என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி உடனே அனுப்பிவைக்க வேண்டும்.

அக்காவின் மூட்டுவலியை விசாரித்ததாகச் சொல்லவும். சின்னவளுக்கு, படித்தாலும் படிக்காவிட்டாலும், என் ஆசி.

இப்படிக்கு,
காதில் ஒரு குறையும் இல்லாத
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆயுதக் கிடங்குக்காரர் வந்து காதோரம் கத்திவிட்டுப் போனார். சைலன்சர் பெட்டி இன்றைக்குத்தான் வந்து இறங்கியதாம். இத்தனை நாள் முனையில் இருந்தது, பாரம் பழகுவதற்காக மாட்டிய வெறும் இரும்புக் குழாயாம். சத்தம் இம்மியும் குறையாதாம். அதிகாரி இதை முதல் நாளே எல்லோருக்கும் விளக்கினாராம். முன்வரிசையில் நின்று பலமாகத் தலையாட்டியது நான்தானாம். சான்றிதழ் வேண்டாம் அத்தான். அந்தச் சிப்பாய் விழுந்தது கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. கொடியை நானே கொண்டுபோய் அதிகாரி மேசையில் வைத்துவிட்டேன். டாக்டரிடம் எனக்கு முதல் சீட்டாகப் போட்டு வையுங்கள். எந்த நாள் என்று போனில் சொல்லாதீர்கள், எழுதியே அனுப்புங்கள்.