கிருமி காத்த முட்டைகள்

ஒரு காட்டில், கடைசி மரத்தைத் தாண்டினால் கடற்கரை. அங்கே முட்டையிட வந்தாள் செண்பகம் என்கிற கடலாமை. வயிறு நிறைய முட்டை. இனி ஒரு நாள்கூடத் தாங்காது.

கரையில் துடுப்பு வைக்க இடமில்லை. கரடிகள் மீனைத் தின்றுவிட்டு முள்ளை மணலில் புதைத்தன. ஆடுகள் நடந்தபடியே புழுக்கை போட்டன. குரங்குத் தாய்மார்கள் குட்டிகளை அங்கேயே ‘உட்கார’ வைத்தார்கள். செண்பகம் எங்கே குழி தோண்டினாலும், “ஓரமா போம்மா, பிள்ளைங்க விளையாடுற இடம்” என்று விரட்டினார்கள். போதாக்குறைக்கு உடம்பெல்லாம் அரிப்பு வேறு.

சுகாதார அதிகாரி கொக்கிடம் போனாள்.

“சார், இந்த மணல்ல ஏதோ கோளாறு.”

“தண்ணியைச் சோதிச்சாச்சும்மா. பளிங்கு மாதிரி இருக்கு.”

“மணலை?”

“மணலை யாரும்மா குடிக்கிறாங்க?”

“குட்டிங்க அள்ளி வாயில போடுதுங்களே சார்!”

கொக்கு வேண்டாவெறுப்பாக ஒரு பிடி மணலைச் சோதித்தது. ஏற்கெனவே வெள்ளை முகம், இன்னும் வெளுத்தது. தண்ணீரில் இல்லாத கிருமியெல்லாம் மணலில் குடியிருந்தது. உடனே ஒலிபெருக்கி அலறியது: “கடற்கரை மூடப்பட்டது!” காடே வாரிச்சுருட்டிக்கொண்டு ஓடியது.

செண்பகம் யார் காலும் படாத மேட்டு மணலாகப் பார்த்து, ஆற அமர முட்டையிட்டு மூடினாள். அலையோரம் மிதந்தபடி காவலும் இருந்தாள்.

வெயில் காய்ந்தது, மழை அடித்தது, மணல் தானாகவே சுத்தமாகிக்கொண்டு வந்தது. கொக்கு உற்சாகமாக வந்தது. “நாளைக்குக் கடைசிச் சோதனை. அப்புறம் திறப்பு விழா! சிங்கராஜா ரிப்பன் வெட்டுறார். அந்த மேட்டுலதான் யானைங்களுக்கு ஓட்டப்பந்தயம்!”

செண்பகத்துக்கு ஓடு நடுங்கியது. குஞ்சு பொரிக்க இன்னும் நாள் கிடக்கிறது. முடிந்த வேகத்தில் ஊர்ந்து காட்டுப்பன்றி மங்காவிடம் போனாள்.

“மங்காக்கா, காலையில குடும்பத்தோட கடற்கரைக்கு வாங்க. நல்லா சாப்பிட்டுட்டு வாங்க.”

“என்ன விசேஷம்?”

“வாசல் பக்கம் கொக்கு சார் மணல் எடுக்கிற இடம் இருக்கு. அங்க கொஞ்சம் ஒதுங்கிட்டுப் போனா போதும்.”

மங்கா கண்கலங்கிவிட்டாள். “இதுக்காக எங்களைத் துரத்தினவங்கதான் உண்டு. கூப்பிட்டது நீ ஒருத்திதான்டி.”

குடும்பம் முழுவதும் நிறைந்த வயிற்றோடு வந்து, குறையில்லாமல் நடத்திக்கொடுத்தது. கொக்கு சோதித்தது. விழா ரத்து. ரிப்பனைக் குரங்குகள் வாலில் கட்டிக்கொண்டன.

சில வாரம் கழித்து மேட்டு மணல் அசைந்தது. குஞ்சுகள் திமுதிமுவென்று கிளம்பி, குறுக்கே ஒரு கால்கூட இல்லாமல், கடலுக்குள் இறங்கின. செண்பகம் ஒவ்வொன்றாகப் பேர் வைத்துக் கூப்பிட முயன்று, பேர் தீர்ந்துபோய், சிரித்துக்கொண்டே பின்னால் நீந்தினாள்.

நீதி: குழந்தைகள் நலமாக வளர, சுற்றுப்புறத்தில் போதிய கிருமி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.