பைட்கோடுக்குள் ஒரு தையல்காரர்

அன்புத் தங்கைக்கு,

படபடக்கும் நெஞ்சோடு உன் அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். என்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், உன் மாமியார் உன் போனையும் கம்ப்யூட்டரையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதும் தெரியும். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். மாப்பிள்ளை இதைப் பழப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார். பதறாமல் படி. பதற வேண்டியதையெல்லாம் நான் பதறி முடித்துவிட்டேன்.

நம் டயாலிசிஸ் மையத்தில் எந்த நோயாளிக்கு எப்போது எந்த நாற்காலி என்று முறை போட்டுத் தருகிறதே நீ எழுதிய புரோகிராம், அது இருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் திங்கட்கிழமை காலை ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மண்டையைப் போட்டது. நீ எழுதிய மூல நிரலும் அதோடு போயிற்று. பேக்கப்பைத் திறந்தால் போன வருஷத்துப் பிரதி பல்லைக் காட்டுகிறது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் மட்டும், வீடு இடிந்தது தெரியாமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் போல, மெமரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் போச்சு. இதை மேனேஜருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

“ஆஃப் பண்ணு, புது டிஸ்க்கைப் போடு, ஆன் பண்ணு. இதுல என்னய்யா இருக்கு?”

“ஆஃப் பண்ணா பழைய பிரதிதான் சார் வரும்.”

“பழசு நல்லாத்தானே இருந்துச்சு? சரி, சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்.”

ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தரை துடைக்கிற அக்கா வாளியோடு வந்தார். “இந்த மூலை மட்டும் வேணாங்க்கா” என்றேன். “ஏன், பாம்பு ஏதும் வளக்கறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து, “இந்த ரூம் லைனைக் கொஞ்ச நேரம் கட் பண்ணிக்கறேன்” என்றார். ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்ன நினைத்தாரோ, முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நல்லவேளை, ரிப்பேருக்கென்று நீ திறந்து வைத்திருந்த அந்தக் கறுப்புத் திரை உயிரோடு இருந்தது. நீ எழுதும் இந்தக் கம்ப்யூட்டர் மொழியில், ஓடிக்கொண்டிருக்கும் மெத்தடையே, அதாவது புரோகிராமின் ஒரு துண்டையே, கூப்பிட்டு ‘உனக்குள் என்ன இருக்கிறது’ என்று கேட்கலாம் என்பாயே, கேட்டேன். சொல்லத்தான் செய்தது. ஆனால் நீ எழுதியபடி சொல்லவில்லை. இயந்திரம் அதை அரைத்துத் தனக்கென்று வைத்திருந்த பைட்கோடைக் கொட்டியது. எண், எண், ஒரே எண். மாவைக் கையில் கொடுத்து என்ன தானியம் என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? போனில் படம் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அர்த்தம் பார்த்தேன். இதை எடு, அதோடு ஒப்பிடு, பெரிதாக இருந்தால் அங்கே தாவு. ஓரத்தில் நீ எழுதிவைக்கும் விளக்கங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேற்கோள் குறிக்குள் நீ போட்ட சொற்கள் மட்டும் நசுங்காமல் கிடந்தன. அவற்றில் இரண்டைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ‘தையல்காரர்.’ ‘டீச்சர்.’ மற்ற எல்லோரையும் இரத்தப் பரிசோதனையை வைத்து வரிசைப்படுத்துகிற மெத்தட், இந்த இரண்டு நோயாளிகளை மட்டும் என்ன ஆனாலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் போடச் சொல்கிறது! பழைய பிரதியில் இது கிடையாது. நீ வேண்டுமென்றே செய்ததா, கைதவறிச் செய்ததா? உன்னைக் கேட்க வழியில்லை. டீச்சரிடமே போய் நின்றேன். கையில் குழாய்களோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அதுவா? போன மழைக்காலத்துல இந்தத் தையல்காரர் வர்றதையே நிறுத்திட்டார்ப்பா. மணிக்கணக்கா சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு வீட்டுலயே செத்துப் போறேன்னு படுத்துக்கிட்டார். உன் தங்கச்சிதான் நேர்ல போய்ப் பேசி, என் பக்கத்துல கொண்டாந்து உக்கார வச்சா. நான் நியூஸ் படிப்பேன், அவர் சண்டைக்கு வருவார். சண்டை போடறதுக்காகவே ஒரு நாள்கூடத் தவறாம வர்றார்.”

“தப்புத் தப்பாப் படிச்சா யாராவது கேக்கணும்ல?” என்றார் பக்கத்து நாற்காலித் தையல்காரர், மூடிய கண்ணைத் திறக்காமலே.

பழைய பிரதியை ஏற்றியிருந்தால் இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போயிருப்பார்கள். இந்த மனுஷர் மறுபடி வீட்டில் படுத்திருப்பார். ஓடி வந்து, வேறொரு கம்ப்யூட்டரில் பழைய பிரதியைத் திறந்து, அந்த மெத்தடை மட்டும் முதலிலிருந்து எழுதினேன். என்னுடையதை அரைத்து வந்த எண்களை உன்னுடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஓர் இடம் இடித்தது. ‘சிறியது அல்லது சமம்’ என்று வர வேண்டிய இடத்தில் வெறும் ‘சிறியது’ என்று போட்டிருந்தேன். திருத்தியதும் எண்ணுக்கு எண் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் வந்து டேப்பைப் பிய்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். புது டிஸ்க்கோடு புரோகிராம் எழுந்து, முறையைப் போட்டது. தையல்காரர், பக்கத்தில் டீச்சர். அழுதுவிட்டேன். வாளி அக்காதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகவே இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. நிம்மதியாகப் படுத்திரு, யாரும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், நான் உட்பட. போனைப் பூட்டி வைத்தது மிகவும் சரி என்று நான் சொன்னதாக உன் மாமியாரிடம் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிறக்கப்போவது மருமகனோ மருமகளோ, உன் மூளையைக் கொண்டு பிறக்கட்டும். என் நெஞ்சு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டீச்சர் வந்தார். குறுக்கெழுத்தில் ஏதோ ஒரு சொல்லுக்காகத் தகராறாம். “இனிமே அந்தாள் பக்கத்துல என்னைப் போடாத.” அவர் போனதும் தையல்காரர் வந்தார். “அந்தம்மா இருக்கிற வரிசையே எனக்கு வேணாம்.” மனசை இரும்பாக்கிக்கொண்டு, அத்தனை பாடுபட்டு மீட்ட விதியை அழித்தேன். அழித்த கையோடு தையல்காரர் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரொம்ப தூரமாப் போட்டுடாத தம்பி. அவங்க படிச்சா எனக்குக் கேக்கணும்.” இதை மெத்தடில் எப்படியம்மா எழுதுவது? மாமியாரின் காலில் விழுந்தாவது போனை வாங்கு. அவசரம்.