துப்பத் தெரியாதவன்

அந்த ஆள் மறுபடியும் விழுங்கிவிட்டான்.

ஆன்செல்முக்கு உச்சந்தலை கொதித்தது. ஒயின் சுவைக்க வருகிறவன் வாயில் வைத்துச் சுழற்றுவான், வாளியில் துப்புவான், அப்புறம் ரெண்டு வார்த்தை சொல்லுவான். இதுதானே வழக்கம்? இந்தக் கசங்கின கோட்டுக்காரன் பத்து மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கி, "சுவைச்சுப் பாக்கலாமா?" என்று நிலவறைக்குள் நுழைந்தான். ஊற்றிய மூன்று கிளாஸும் நேரே வயிற்றுக்குப் போய்விட்டன.

காலையிலிருந்தே அவர் கடுப்பில்தான் இருந்தார். பக்கத்துத் தோட்டத்து ஃபிர்மான் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து ஓரத்துத் திராட்சைக் கொடிகளைக் கருக்கியிருந்தது. பத்து வருஷமாக ஒரு சொட்டு மருந்து காட்டாமல், குதிரை கட்டி உழுது வளர்த்த கொடிகள்! நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரியான பெர்த்தில் என்கிற அக்கா வேறு கறாராகச் சொல்லியிருந்தாள்.

"பதினோரு மணிக்கு பாரிஸ் வியாபாரி வர்றாரு. அவரு நம்ம வெள்ளை ஒயினை வாங்கலைன்னா தோட்டத்தை ஃபிர்மானுக்கே குத்தகைக்கு விட்டுடுவேன். உன் கோபத்தை மூட்டை கட்டி வை."

மூட்டை கட்டித்தான் வைத்திருந்தார். வாளியைக் காலால் அந்த ஆள் பக்கம் தள்ளினார். அவன் வாளியைத் தாண்டி வந்து கிளாஸை நீட்டினான்.

"ஐயா, துப்பணும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சீமைமாதுளை வாசம்..." என்று முனகினான். விழுங்கினான்.

"பழக்கடை அடுத்த தெருவுல இருக்கு! இங்க பாருங்க, இப்படித் துப்பணும்!"

தானே ஒரு வாய் எடுத்துத் துப்பிக் காட்டினார் ஆன்செல்ம். ஆத்திரத்தில் குறி தவறி, அது அவனுடைய பேன்ட்டை நனைத்தது. வேறொருவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். இவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்."

"இது என்ன, கல்யாண வீடா?"

அவன் கை, வியாபாரிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பாட்டில் பக்கம் போயிற்று. அவ்வளவுதான்.

"ஓசிக் குடிகாரா! ஃபிர்மான்தானே உன்னை அனுப்புனான்? நட வெளிய!"

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒரு மண்ணும் சொல்ல வேணாம்!"

கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், வெளியே விட்டுக் கதவை அறைந்து சாத்தினார்.

"யாருடா அது? ஊருக்கே கேக்குது உன் சத்தம்!" என்று படியிறங்கி வந்தாள் பெர்த்தில்.

"வாளி எதுக்குன்னே தெரியாத ஜென்மம்!"

சரியாகப் பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மூக்குக் கண்ணாடி, காதில் பேனா, கையில் நோட்டு. வந்தவர் வாயைத் திறக்குமுன் அவர் கையில் கிளாஸைத் திணித்தார் ஆன்செல்ம்.

"இல்லைங்க, நான் வந்தது..."

"பேச்செல்லாம் அப்புறம். முதல்ல சுவைங்க."

வந்தவர் பயந்துபோய் ஒரு வாய் எடுத்தார். அடுத்த நொடியே, ஒரு சொட்டுக்கூடச் சிதறாமல், வாளியில் துப்பினார்.

"பாத்தியாக்கா? தொழில் தெரிஞ்சவருன்னா இவருதான்!"

ஆன்செல்முக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. தனியாக வைத்த பாட்டிலைத் திறந்தார். அதுவும் வாளிக்குப் போயிற்று. அப்பா போட்டு வைத்த கடைசி பாட்டிலையும் திறந்தார். அதையும் துப்பிவிட்டு, வந்தவர் நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை பெட்டின்னு எழுதிக்கப் போறீங்க?" என்று குழைந்தார் ஆன்செல்ம்.

"பெட்டியா? தண்ணி மீட்டர் எங்க இருக்குன்னு காட்டுங்க, போதும். வேலை நேரத்துல குடிச்சா என் சீட்டு கிழிஞ்சிடும், அதான் துப்பினேன். ஆமா, நீங்க தொரத்துன அந்த பாரிஸ்காரரு நான் வர்றப்பத்தான் பஸ் ஏறிப் போனாரு... முப்பது வருஷமா ஒயின் வாங்குறாராம், துப்ப மனசே வராத ஒயின் இன்னிக்குத்தான் கெடைச்சுதாம்."