ஜன்னலுக்கும் பலகை

வெள்ளைச் சுவர் கண்ணைக் கூச வைக்கிறது. கண் கூசினால் மனம் கெடுகிறது. மனம் கெட்டால் கோப்பு நகர்வதில்லை. ஆகவே அரசாங்கக் கந்தோர்களின் உட்பரப்பு அனைத்தும் மரப்பலகையால் மூடப்படுதல் வேண்டும்.

அறுபத்தைந்தாம் ஆண்டு கொழும்பிலிருந்து இப்படியொரு சுற்றறிக்கை மாத்தளைக்கு வந்தது. எந்தக் கந்தோருக்கு என்று கேட்க வேண்டாம்.

வேலை தச்சர் ஜுனைதீனுக்குக் கிடைத்தது. அவருக்கும் சந்தோஷம். அவருடைய விண்ணப்பம் ஒன்று அதே கந்தோரில் நாலு மாதமாகக் கிடந்தது. வீட்டுப் பலாமரம் சமைக்கிற குசினிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. சொந்தப் பலாமரத்தை வெட்டவும் அரசாங்கப் பெர்மிட் வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன்னால் வேண்டும். வேலையை நன்றாகச் செய்தால் கையெழுத்தும் கெதியாக விழும் என்று கணக்குப் போட்டார்.

சுவர் முடிந்தது. கூரை முடிந்தது. ஜன்னலருகே வந்து நின்றார்.

"இதையும் மூடவா ஐயா?"

தலைமைக் கிளாக்கர் வீரசிங்கம் சுற்றறிக்கையைப் புரட்டினார். "அனைத்தும்னு போட்டிருக்கு. ஜன்னல் தவிரன்னு எங்கயும் இல்ல. அடிங்க நானா."

அடித்தார். இருந்த ஒரே பல்பும் கூசுகிறது என்று அதற்கும் ஒரு மரப்பெட்டி செய்து மாட்டினார்.

கண்கூச்சம் அறவே ஒழிந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தோரில் ஆழ்ந்த அமைதி நிலவியது. குறட்டை மட்டும் கேட்டது. 'ஊழியர் நலம் மிகவும் மேம்பட்டுள்ளது' என்று கொழும்புக்கு அறிக்கை போனது.

ஜுனைதீன் தட்டுத் தடவி உள்ளே போனார்.

"யாரது?" என்றது இருட்டு, வீரசிங்கத்தின் குரலில்.

"ஜுனைதீன். பலகை அடிச்ச ஆள். என்ட விண்ணப்பத்தப் பாத்தீங்களா ஐயா?"

"பாக்க வெளிச்சம் வேணுமே நானா."

"வெளிய கொண்டுபோய்ப் பாக்கேலாதா?"

"கோப்பு வெளிய போக அனுமதி வேணும். அதுக்குத் தனியா ஒரு விண்ணப்பம் குடுங்க."

"குடுத்தா?"

"படிச்சுப் பாத்துத்தானே முடிவு சொல்லணும்!"

மழை இந்த நடைமுறைக்குக் காத்திருக்கவில்லை. மரம் விழுந்தது. குசினி போனது. மனைவி ஹவ்வா கிணற்றடியில் நின்றதால் தப்பினாள்.

பெர்மிட் இல்லாமல் மரம் விழுந்தது குறித்து விசாரிக்க வீரசிங்கமே வந்தார். ஸ்தல விசாரணைக்குக் கோப்பை எடுத்து வரலாமாம். கூரையில்லாத குசினியில் நின்று, நல்ல வெயிலில், விண்ணப்பத்தை முதல் தடவையாக வாசித்தார்.

"அட, ஞாயமாத்தான் கேட்டிருக்கீங்க! ஆனா வெட்டத்தானே கேட்டீங்க? இது விழுந்திருச்சே." நிராகரித்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். "மரத்தக் கந்தோருக்கு எடுக்கணும். கக்கூஸுக்கு இன்னும் பலகை அடிக்கல."

ஜுனைதீனுக்கு ஏச்சு வாய்வரை வந்துவிட்டது. ஹவ்வா முந்திக்கொண்டாள்.

"எடுங்க ஐயா. எங்களுக்குக் கொஞ்சம் பலகைய மட்டும் விட்டுட்டுப் போங்க. புதுக் குசினிய கந்தோர் மாதிரியே அடிக்கணும். பக்கத்து ஸைனம்பு ஊட்டுல அடிச்சிட்டாங்க. ஊரே பாக்கப் போகுது."

"ஜன்னலுக்குமா?" என்றார் ஜுனைதீன்.

"கந்தோர் மாதிரின்னு சொன்னேனே, காது கேக்கலியா?"

ஜுனைதீன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஜன்னல் வரவேண்டிய இடத்தைப் பலகைக்காக அளந்து குறிக்கத் தொடங்கினார்.