இயக்குநரின் கார் நிற்கும் கடல்

பருவம் தவறினாலும் தவறும், மீன்வள அலுவலகத்தின் பருவக் கணக்கெடுப்பு தவறியதில்லை. காற்று திசை மாறியதும் ஆய்வாளர் தோளில் வலையோடு படியிறங்கி வருவார். ஓட்டுநரைக் கூப்பிட்டு, இயக்குநரின் காரைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்வார். கார் நின்ற இடத்தில் விதிப்படி வலையை வீசி, விதிப்படி காத்திருப்பார். இழுத்துப் பார்த்தால் காய்ந்த இலை, பேனா மூடி, எப்போதாவது ஒரு சட்டைப் பொத்தான். மீன் இல்லை என்று எழுதிக்கொண்டு, காரைப் பழையபடி நிறுத்தச் சொல்லிவிட்டுப் போவார்.

ஆய்வாளருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாவம், தங்கமான மனுஷன். முதன்முதலில் கணக்கெடுத்த காலத்தில் அந்த இடம் நிஜமாகவே கடல்தான். பிற்பாடு, கடலைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் தேவைப்பட்டதால் கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். கணக்கெடுக்கும் புள்ளி வாகன நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. மிச்சக் கடல் எங்கேயும் போய்விடவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. புள்ளியை அங்கே நகர்த்தலாமே என்று ஆய்வாளர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

இயக்குநர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இடத்தை மாத்திட்டா போன பருவத்தோட எப்படிய்யா ஒப்பிடுவீங்க? அங்க மீன் இருந்து தொலைச்சுதுன்னா, இத்தனை வருஷமா நாம எழுதினது என்னாகறது?"

நியாயம்தானே? ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டார்.

அதுவரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை. மீனில்லாச் செய்தி கோப்புக்குள் நிம்மதியாகத் தூங்கியது. அப்புறம்தான் அலுவலகங்களுக்கெல்லாம், கணக்கை வண்ண வரைபடமாகக் காட்டும் திரைகள் மீது பைத்தியம் பிடித்தது. எதிர்க் கட்டடத்துக் குடிநீர் வாரியம் ஒரு திரையை மாட்டிவிட்டது, மீன்வளம் மட்டும் இளைத்ததா? வரவேற்பறைச் சுவரை அடைத்துத் திரை வந்தது. அதில் மீன் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு; அந்த ஒரு புள்ளிக் கணக்கால் கடற்கரை முழுக்கச் செக்கச்செவேலென்று எரிந்தது. மேலிடத்து ஆட்கள் அதன் முன் நின்று கண்கலங்கி, படமும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பருவமும் இதே நிறம் என்றால் கடலை மூடிவிடுவது என்று உத்தரவானது.

அன்று சாயங்காலமே ஆய்வாளரின் மைத்துனன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். படகை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை. அக்கா நீட்டிய தண்ணீரைக்கூட அவன் வாங்கவில்லை.

"வலை கிழியற அளவுக்கு மத்தி மீன் விழுது மாமா. எங்க மீனில்லைங்கறாங்க?"

"கார் நிறுத்தற இடத்துல."

மைத்துனன் சிரிக்கவில்லை. அங்கே ஒரு மீன் இருந்தால் போதுமா என்று கேட்டான். ஆய்வாளர் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சில விஷயங்களில் ஓர் அரசு ஊழியர் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கணக்கெடுப்பன்று கார் பின்னால் போனது, வலை விழுந்தது. இழுத்தால் காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு மத்தி. ஆய்வாளருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. அப்பாடா, பையன் பிழைத்தான் என்று நினைத்தார்.

இயக்குநர் அம்மையார் வல்லுநர் குழுவைக் கூட்டினார். குழு மத்தியைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்தது. சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத இடத்திலேயே மீன் கிடைக்கிறதென்றால், எவ்வளவு மீன் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்! ஆகவே, பருவ மாற்றம் காரணமாக மீன்வளம் கடலைக் காலி செய்துவிட்டு வாகன நிறுத்தத்தில் குடியேறிவிட்டது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. திரையில் வாகன நிறுத்தம் பச்சைப்பசேலென்று ஆனது. மீனே இல்லாத கடலில் படகு எதற்கு? கடலை மூடினார்கள். இனி மீன்பிடி உரிமம் வாகன நிறுத்தத்துக்கு மட்டும்.

படகுக்காரர்கள் வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உரிமம் எடுக்காதவன் படகு பறிபோகும் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கட்டம் சுண்ணாம்பில் போட்டுக் கொடுக்கப்பட்டது. கட்டத்தில் மீன் படாதவனுக்கு உரிமம் போய்விடும். எனவே எல்லாரும் விடியுமுன் மதிலேறிக் குதித்துக் கடலுக்குப் போய், பையோடு திரும்பி, தத்தம் கட்டத்தில் பக்தியோடு வலை வீசினார்கள். பையில் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. திரை மேலும் பச்சையானது. ஊரில் வசதியானவர்கள் தரைமீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். கடல்மீனையெல்லாம் இப்போது யார் சாப்பிடுகிறார்கள் என்றார்கள்.

ஒருநாள் மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆய்வாளரின் அறைக்கு வந்தான்.

"என் கட்டம் சரியில்ல மாமா. வெயில்ல மீன் தங்காது. அந்த மரத்தடிக் கட்டத்தை எனக்கு மாத்திக் குடுங்க."

ஆய்வாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "டேய், முதல் மீனை அங்க வச்சதே நீதானேடா?"

"வச்சேன், இல்லேங்கலை. ஆனா படத்துல பாருங்க, மரத்தடிதான் நல்ல பச்சை."

ஆய்வாளர் கதவைத் திறந்து வரவேற்பறைத் திரையை எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மறுபடி கதவைச் சாத்தினார்.

"அது கிடைக்காதுடா. நேத்தே உங்க அக்கா பேர்ல மனு போட்டுட்டேன்."